யார் ரத்தத்தில் புழு?

கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ வளர்ந்த பலருக்கு இது பழக்கமானதுதான். இரவு ஒன்பது மணிக்கு மேல், சாப்பிட்டுப் பாய் விரிக்கிற நேரத்தில், சுகாதாரத் துறை ஊழியர்கள் கதவைத் தட்டுவார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, பெயரும் வயதும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். தூக்கம் கலைந்த குழந்தை அழும். "ஏம்மா, இதையே பகல்ல வந்து எடுக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்பார்கள். "யானைக்கால் டெஸ்ட்டுங்க, ராத்திரிதான் எடுக்கணும்" என்று பதில் வரும்.

வேறொரு நாள் மாத்திரையோடு வருவார்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் விழுங்க வேண்டும் என்பார்கள். அப்போது அடுத்த கேள்வி எழும். "எங்க வீட்ல யாருக்கும் கால் வீங்கலையே, எங்களுக்கு எதுக்கு மாத்திரை?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். வலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் காரணமும் இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. பல நோய்களில் அது சரியும்கூட. யானைக்கால் நோயில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே காரணம் ஒருவர் உடலில் இருக்கும், அறிகுறி இன்னொருவர் உடலில் இருக்கும். ஒரே உடலில் இரண்டும் வந்தாலும் நடுவே பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு இடைவெளி இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் நள்ளிரவு ஊசிக்கும் நோயில்லாதவர் விழுங்கும் மாத்திரைக்கும் காரணம் தானாக விளங்கிவிடும்.

ஒரு தெரு, மூன்று வீடுகள்

சிதம்பரத்தில் வாய்க்கால் ஓரத்துத் தெரு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சாக்கடை நீர் கலந்து தேங்கி, மாலையானால் கொசு மொய்க்கும் தெரு.

முதல் வீட்டில் அறுபத்தைந்து வயதுப் பாட்டி. இருபது வருடமாக இடது கால் வீங்கிப் பருத்திருக்கிறது. தோல் தடித்து மடிப்பு விழுந்திருக்கிறது. அவ்வப்போது தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிரெடுத்துக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் படுத்துவிடுவார்.

இரண்டாவது வீட்டில் இருபத்தைந்து வயது இளைஞர். தினமும் கடலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறார். தலைவலிகூட வந்ததில்லை.

மூன்றாவது வீட்டில் முப்பது வயது மளிகைக் கடைக்காரர். மூன்று மாதமாக இருமல். பகலில் சமாளித்துவிடுகிறார். இரவு படுத்தால் இருமலும் இழுப்பும் தூங்க விடுவதில்லை. ஆஸ்துமா மருந்து சாப்பிட்டுப் பார்த்தார். காசநோயோ என்ற பயத்தில் சளியும் பரிசோதித்தாயிற்று. ஒன்றும் இல்லை.

இரவு பத்து மணிக்கு மூன்று பேரின் விரலிலும் ரத்தம் எடுக்கிறார்கள். யாருடைய ரத்தத்தில் யானைக்கால் புழு இருக்கும்?

பாட்டியைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் பாட்டியின் கண்ணாடித் துண்டில் அநேகமாக ஒன்றும் இருக்காது. இருமுகிறவர் ரத்தத்திலும் இருக்காது. நுண்ணோக்கியின் அடியில் நெளிந்துகொண்டிருப்பது ஒரு குறையும் இல்லாத அந்த இளைஞரின் ரத்தத்தில்தான். மூன்று பேரையும் தொட்டது ஒரே புழு.

வடிகாலில் குடியேறும் புழு

உடலில் ரத்தக் குழாய்களோடு கூடவே இன்னொரு குழாய்த் தொகுதியும் ஓடுகிறது. ரத்தத்திலிருந்து கசிந்து திசுக்களின் இடுக்குகளில் சேரும் நீரைத் திரட்டி மறுபடி ரத்தத்தில் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். வயலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் மட்டும் இருந்தால் போதாது, வடிகாலும் வேண்டும் என்பதைக் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடிகால் தூர்ந்த வயலில் பயிர் அழுகும். நிணநீர்க் குழாய்கள் நம் உடலின் வடிகால். அவற்றில் வழியெங்கும் சிறு கதவுகள் உண்டு. காலிலிருந்து மேலே ஏறும் நீர் திரும்பக் கீழே இறங்காமல் அவை தடுக்கின்றன.

யானைக்கால் புழு குடியேறுவது இந்தக் குழாய்களுக்குள். இதன் அறிவியல் பெயர் வுச்சரேரியா பான்கிராஃப்டி. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், தையல் நூலைப் போன்ற பருமன். ஆண் அதில் பாதி. தொடையிடுக்குப் பக்கத்துக் குழாய்களிலும், ஆண்களுக்கு விதைப்பையைச் சுற்றியுள்ள குழாய்களிலும் இவை சுருண்டு கிடக்கும். ஆறு முதல் எட்டு ஆண்டு வரை உயிரோடு இருக்கும். 1990களில் பிரேசிலின் ரெசிஃபி நகர மருத்துவர்கள் ஸ்கேன் கருவி வழியாக விதைப்பைக் குழாய்களுக்குள் இவை ஓயாமல் நெளிவதை நேரடியாகவே பார்த்தார்கள். அந்த ஆண்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை.

பெண் புழு முட்டையிடுவதில்லை. கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டிகளை லட்சக்கணக்கில் ஈனும். இவற்றை நுண்புழு என்று அழைப்போம். இவை நிணநீர் வழியாக ரத்தத்துக்கு வந்து சேரும். மனித உடலுக்குள் இவற்றால் பெரிய புழுவாக வளர முடியாது. கொசுவின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் ஓராண்டுக்குள் செத்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் இதைச் சுமப்பது க்யூலெக்ஸ் கொசு. சாக்கடை, செப்டிக் டேங்க், மூடாத குழி என்று அழுக்கு நீர் எங்கே தேங்கினாலும் பெருகும். கொசுவின் உடலில் நுண்புழு பத்து முதல் பதினான்கு நாளில் இரண்டு முறை சட்டை உரித்து, தொற்றும் பருவத்தை அடைந்து, கொசுவின் வாய்க்கு நகர்ந்து வந்து காத்திருக்கும்.

மலேரியாக் கிருமியைக் கொசு தன் எச்சிலோடு ஊசி போட்டதுபோல் ரத்தத்துக்குள் செலுத்திவிடுகிறது. யானைக்கால் புழுவுக்கு அந்த வசதி இல்லை. அது தோலின் மேல் உதிர்ந்து விழ வேண்டும். தானே ஊர்ந்து, கொசு கடித்த துளையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே காய்ந்து செத்துப்போகும். நுழைந்தவற்றிலும் ஆணும் பெண்ணும் சந்தித்தால்தான் குட்டி. 1960களில் ரங்கூனில் நடந்த ஆய்வொன்று, ஒருவர் ரத்தத்தில் நுண்புழு தோன்றுவதற்குப் புழு சுமந்த கொசுக்கள் சுமார் 15,500 முறை கடிக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அதனால்தான் சிதம்பரத்தின் ஆருத்ரா தரிசனத்துக்கு வந்து இரண்டு இரவு தங்கிப்போகும் விருந்தாளிக்கு யானைக்கால் வருவதில்லை. டெங்குவுக்கு ஒரு கடி போதும். இதற்கு ஒரே தெருவில் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டும். புழுவின் இந்தப் பலவீனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயை ஒழிக்கும் வழி இதற்குள்தான் இருக்கிறது.

இரவு பத்து மணிக்கு ஏன்?

ரத்தத்தில் நுண்புழு இருப்பதை 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவர் கண்டு சொன்னார். அது கொசுவுக்குள் போய் வளர்கிறது என்பதை 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் கண்டுபிடித்தார். ஒரு பூச்சிக்குள் மனித நோய்க்கிருமி வளர்வதை உலகம் அறிந்தது அப்போதுதான். கொசுவுக்குள் மலேரியாக் கிருமி வளர்கிறது என்ற ரொனால்டு ராஸின் கண்டுபிடிப்புக்கு அது இருபது ஆண்டு முந்தியது. புழு எப்படி மனிதனுக்குத் திரும்புகிறது என்பதில் மான்சன் தவறினார். கொசு தண்ணீரில் செத்து விழ, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று நம்பினார். கொசுவின் கடிதான் வழி என்பது 1900இல் உறுதியானது.

மான்சன் கவனித்த இன்னொன்றுதான் நம் முதல் கேள்விக்குப் பதில். ஒரே நோயாளியிடம் பகலும் இரவும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பகலில் நுண்புழு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இருட்டியதும் எண்ணிக்கை ஏறியது. நள்ளிரவை ஒட்டி உச்சம் தொட்டது. விடிந்ததும் இறங்கியது. பகல் முழுக்க அவை நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கின்றன. க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளையில் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வருகின்றன.

புழுவுக்கு மணி எப்படித் தெரியும்? 1881இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாளில் நுண்புழுக்களும் மாறிக்கொண்டன. பகலில் வந்தன, இரவில் ஒளிந்தன. ஆக, அவை கவனிப்பது வானத்தின் இருட்டையல்ல. தூங்கும் உடலில் நிகழும் மாற்றத்தை. பசிபிக் பெருங்கடலின் சமோவா போன்ற தீவுகளில் இதே புழுவைப் பகலில் கடிக்கும் ஏடிஸ் வகைக் கொசு சுமக்கிறது. அங்கே நுண்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் திரிகின்றன. எந்தக் கொசு எப்போது கடிக்குமோ அதற்கேற்பப் புழுவின் பழக்கம் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. உயிரியலில் இதைவிட வியப்பூட்டும் பொருத்தங்கள் அதிகமில்லை என்பேன்.

நம் தெருவின் இளைஞரிடம் காலை பதினொரு மணிக்கு ரத்தம் எடுத்திருந்தால் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருப்பார்கள். அவரோ ஒவ்வோர் இரவும் தெருக் கொசுக்களுக்குப் புழுவை வழங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கே அது தெரியாது. அவர் மேல் குற்றமும் இல்லை.

இருமுகிறவரின் ரத்தம்

மளிகைக் கடைக்காரருக்கு வந்திருப்பது இதே புழுவால் வரும் அரிய நோய். சாதாரணமாக நம் உடலின் காவல் அணுக்கள் நுண்புழுவைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. புழு அவற்றை மட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. மிகச் சிலரின் உடல் மட்டும் நேர்மாறாக, அளவு மீறிச் சீறுகிறது. நுரையீரலில் ஒதுங்கும் நுண்புழு ஒவ்வொன்றையும் தாக்கிக் கொல்கிறது. அந்தச் சண்டையில் நுரையீரலே வீங்குகிறது. அதனால்தான் இருமலும் இழுப்பும். நுண்புழுக்கள் அங்கேயே அழிந்துவிடுவதால் விரல் ரத்தத்துக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை.

அடையாளம் வேறொன்றில் இருக்கிறது. ஈசினோபில் என்ற வெள்ளை அணு ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் வழக்கமாக 500க்குள் இருக்கும். இவர்களுக்கு 3,000ஐத் தாண்டும். 1940இல், இன்றைய ஆந்திராவின் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் மருத்துவர்கள் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். காசநோய் என்று வந்து சேர்ந்தவர்கள், ஆனால் காசநோய் இல்லாதவர்கள். அப்போது காரணம் தெரியவில்லை. புழுதான் காரணம் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது. யானைக்கால் மாத்திரையையே மூன்று வாரம் தொடர்ந்து கொடுத்தால் பெரும்பாலோருக்கு இருமல் அடங்கிவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழும். கடலூர், சிதம்பரம் பகுதியில் நீண்ட நாள் வாழ்ந்தவர் ஒருவருக்கு வாரக்கணக்கில் இரவு இருமல் நீடித்தால், ஈசினோபில் எண்ணிக்கையைப் பார்த்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தயங்க வேண்டாம்.

பாட்டியின் கால்

பாட்டியின் ரத்தம் ஏன் காலியாக இருந்தது? புழுக்கள் வந்ததும் போனதும் பழைய கதை. சிறுமியாக, இளம்பெண்ணாக இருந்தபோது அவை நிணநீர்க் குழாய்களில் வாழ்ந்து, குழாய்களை விரித்து, கதவுகளைச் செயலிழக்க வைத்துவிட்டன. பிறகு வயதாகிச் செத்தன. புழு போய்விட்டது, பழுது தங்கிவிட்டது. இரண்டு காலிலும் ஒரே அளவில் புழு கூடு கட்டுவதில்லை. ஆகவேதான் பலருக்கு ஒரு கால் மட்டும் பருக்கிறது.

ஆனால் பழுதான குழாய் மட்டுமே காலை யானைக்காலாக ஆக்கிவிடாது. அதற்கு இன்னொரு கை தேவை. சம்பா நடவுக்குச் சேற்றில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணைக் கடலூர் மாவட்டத்தில் அறியாதவர் யார்? நல்ல காலில் அது அரித்து ஆறிப்போகும். நிணநீர் தேங்கிய காலில் அது பாக்டீரியாக்களுக்குத் திறந்துவிட்ட வாசல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் அந்த வழியே நுழைந்து தேங்கிய நீரில் பெருகுகின்றன. பாட்டிக்கு நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வருவது இதனால்தான். ஒவ்வொரு காய்ச்சலும் குழாயை மேலும் சிதைக்கிறது, தோலை மேலும் தடிக்க வைக்கிறது. பல காலம் மருத்துவர்களே இதைப் புழுக் காய்ச்சல் என்று எண்ணிப் புழு மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெரூசா ட்ரேயர் போன்றவர்களின் பணிதான் கவனத்தைச் சோப்பு, தண்ணீர் பக்கம் திருப்பியது.

வீங்கும் கால் எல்லாம் யானைக்காலும் அல்ல. இரண்டு காலும் மாலையில் வீங்கிக் காலையில் வடிந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரு கால் திடீரென்று வலியோடு வீங்கினால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். யானைக்கால் அப்படி ஓர் இரவில் வருவதில்லை.

நோயில்லாதவருக்கு மாத்திரை

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். தெருவில் புழுவைப் பரப்பிக்கொண்டிருப்பவர் பாட்டி அல்ல, வெளியே அடையாளமே தெரியாத இளைஞர். அப்படிப்பட்டவர்கள் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் இரவில் எழுப்பிக் குத்த வேண்டும். 1955இல் தொடங்கிய தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் பல ஆண்டு அந்த வழியில்தான் போனது. கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு டி.இ.சி. என்ற யானைக்கால் மாத்திரை கொடுத்தது. வேலை மலைபோல் இருந்தது. நோய் ஒழிந்தபாடில்லை.

மாற்று வழி எளிமையானது. எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரே வேளை கொடுத்துவிடுவது. தமிழ்நாட்டில் அதை முதலில் சோதித்துப் பார்த்த இடம் கடலூர் மாவட்டம், 1996இல். பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் 2004இலிருந்து நாடு முழுவதும் நோயுள்ள பகுதிகளுக்கும் விரிந்தது. டி.இ.சி.யோடு அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்ந்தது. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும்.

ஆண்டுக்கு ஒன்று எப்படிப் போதும்? டி.இ.சி. ரத்தத்திலுள்ள நுண்புழுக்களைச் சில மணி நேரத்தில் பெருமளவு ஒழித்துவிடும். பெரிய புழுவை முழுமையாகக் கொல்லாது. மிஞ்சிய தாய்ப்புழு மெல்ல மீண்டும் குட்டி போட, அடுத்த ஆண்டு மாத்திரை அவற்றையும் துடைக்கும். தாய்ப்புழு குட்டி போடும் காலம் நாலு முதல் ஆறு ஆண்டு. எனவே குறைந்தது ஐந்து ஆண்டு தொடர்ந்தால், நம் இளைஞரின் புழுக்கள் ஒரு கொசுவுக்கும் வாரிசைக் கொடுக்காமலே மூத்துச் சாகும். தெருவில் அத்தனை பேரும் விழுங்க வேண்டும் என்றுகூட இல்லை. மொத்த மக்களில் 65 சதவீதம் பேர் உண்மையில் விழுங்கினால் போதும் என்பது கணக்கு. ஆயிரக்கணக்கான கடி தேவைப்படும் பலவீனமான புழு என்பதால், எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் ஆணும் பெண்ணும் சந்திக்கவே வாய்ப்பில்லாமல் தானே அற்றுப்போகும்.

"உண்மையில்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விசாரித்தபோது, மாத்திரையை வாங்கியவர்களுக்கும் விழுங்கியவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காய்ச்சல், தலைசுற்றல் வரும் என்ற பயம் ஒரு காரணம். அந்தப் பயத்துக்குப் பதில் இதுதான். மாத்திரை போட்டபின் காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் வருவது ரத்தத்தில் புழு இருப்பவர்களுக்கு. புழுக்கள் கூட்டமாகச் சாவதால் வருகிறது. ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். காய்ச்சல் வந்தவருக்குத்தான் அந்த மாத்திரை மிக அவசியமாக இருந்தது.

கொசுவையும் சேர்த்து ஒடுக்கினால் பலன் நீடிக்கிறது. கடலூரில் கடலைத் தொடும் தென்பெண்ணையாற்றின் கரையில், மேற்கே உள்ள திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில், மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் மாத்திரையோடு கூடவே கழிவுநீர்க் குழிகளிலும் பாழ் கிணறுகளிலும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மிதக்கும் மணிகள் மேற்பரப்பை மூடியதால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் செத்தது. மாத்திரை மட்டும் கொடுத்த கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் முன்னேற்றம் உறுதியாக நிலைத்தது. செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. செலவு மிகக் குறைவு.

சீனா 2007இலும் இலங்கை 2016இலும் யானைக்காலைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழித்துவிட்டன. தமிழ்நாட்டிலும் பல மாவட்டங்களில் மாத்திரை வழங்குவது நின்று, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதிக்கும் கண்காணிப்புக் கட்டம் வந்திருக்கிறது. அந்த வயதுக் குழந்தையின் ரத்தத்தில் தடயம் இருந்தால் பரவல் சமீபத்தில் நடந்திருக்கிறது என்று பொருள். இரவில் கதவைத் தட்டும் ஊழியர்கள் இன்னும் வருவது விட்ட குறை எங்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மறைத்து வைக்கும் வீக்கம்

பாட்டிக்கு மாத்திரையால் கால் வடியாது. தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு விரலிடுக்கு வரை கழுவி, ஈரம் போக ஒற்றித் துடைத்து, புண்ணுக்குக் களிம்பு தடவி, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தால் நெறி கட்டும் காய்ச்சல் வெகுவாகக் குறையும். வீக்கம் ஆரம்ப நிலையில் இருந்தால் நன்றாகவே வடியும். இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு மாநில அரசின் மாத உதவித்தொகையும் உண்டு.

யானைக்கால் புழுவால் ஆண்களுக்கு அதிகம் வருவது கால் வீக்கம் அல்ல, விதைப்பையில் நீர் கோக்கும் ஓதம். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, சைக்கிள் மிதிக்க முடியாமல், வேலைக்குப் போவதையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. இது சிறிய அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும். முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகியிருக்கும் சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனையிலும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அறுவைப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருப்பது தெரிந்தால், தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். முடிந்தால் புறநோயாளிப் பிரிவு வரை கூடவே போங்கள்.